ஸ்டெல்லாவுக்குக் கஞ்சி வடிகட்டிய நாட்கள்

8-11-2011, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஒழுகியது. ஸ்டெல்லாவை உள்பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் ஓரத்தில் நனைந்தேன். இதே ரோட்டில் எத்தனை வருடம் டிக்கெட் கிழித்தேன். இன்று பயணி.

கட்டி என்று போன வாரமே தெரியும். என் மனைவிக்கு இரைப்பையின் அடியில். கேன்சர். இன்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்க சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தேதி தரவில்லை.

ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா. இப்ப கை ஊனாம எந்திரிங்க" என்றார். முயன்றாள். பாதி எழுந்தாள், திரும்ப விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடியும் வரை ஆணி அடித்த மாதிரி நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் அவள். எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது.

டாக்டர் சொன்னது அப்படியே: "கட்டியை எடுக்கறது என் வேலை. எடுத்தப்புறம் புண்ணு ஆறணும், எந்திரிச்சி நடக்கணும், அது இவுங்க உடம்பு செய்யுற வேலை. இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. மூணு வாரம் குடுங்க. சாப்பிட வெச்சி, நடக்க வெச்சி கூட்டியாங்க."

எடை 39. ரிடையர் ஆனபோது புடவைக்குள் நிறைவாக இருந்தவள்.

பக்கத்து அறையில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தர ஒரு பெண், நஸ்ரின். சின்ன வயசு, கறாரான பேச்சு. ஸ்டெல்லா கேட்டாள், "எழுவது தாண்டிடிச்சி. இதுக்கு மேல உடம்பு ஏறுமா?" அந்தப் பெண், "ஏறும் டீச்சர். மெதுவா ஏறும். ஆனா சாப்பாடு மட்டும் போதாது, காலுக்கும் வேலை குடுக்கணும்."

மாலையில் மெட்ராஸிலிருந்து மகன் ஜெரால்டு போனில் கத்தினான். "கேன்சரை வயித்துல வெச்சிகிட்டு மூணு வாரம் கஞ்சி குடிக்கிறதாப்பா? இங்க நான் வேற எடம் பாக்கறேன், நாளைக்கே கெளம்புங்க!" ஸ்டெல்லா போனை வாங்கினாள். "ஜெரால்டு, உடம்பு என்னுது. டாக்டர் சொன்னாரு, எனக்குப் புரிஞ்சிது. நீ நாளைக்கி ஆபீஸ் போ."

வைத்துவிட்டாள். குரல் நடுங்கவில்லை.

10-11-2011, வியாழன்

மழை விட்டு விட்டு. நான் சமைத்தேன். எழுபத்திரண்டு வயதில் முதல் கஞ்சி. அடிப்பிடித்தது.

திடப்பொருள் அவளுக்கு இறங்குவதில்லை, அடைத்துக்கொண்டு வாந்தியாகிறது. அதனால் எல்லாம் கூழாக. ஒரு தடவைக்கு ஒரு டம்ளர், ஆனால் நாள் முழுக்க விட்டு விட்டு.

வாங்கியவை: கேழ்வரகு மாவு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, பால் பவுடர் டின் ஒன்று (நஸ்ரின் சொன்னது), நாட்டு முட்டை. வடிகட்ட மெல்லிய மல் துணி.

ஸ்டெல்லா கட்டிலில் இருந்தபடியே அடுப்பை நடத்துகிறாள். "தண்ணில மாவைக் கரைச்சிட்டு அப்புறம் அடுப்புல வைங்க. கட்டி தட்டாது." "தீயைக் கொறைங்க." "கிண்டுங்க. பேப்பர் அப்புறம் படிக்கலாம்."

இரண்டாம் தடவை கட்டி தட்டவில்லை. முழு டம்ளரும் உள்ளே போனது, வெளியே வரவில்லை. எனக்கு ஒரு மாதிரி கர்வம். யாரிடம் சொல்வது? இங்கே எழுதுகிறேன்.

13-11-2011, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு ஆட்கள். ஆளுக்கொரு யோசனை.

பால் கூடாது, சளி கட்டும்.
முட்டை சூடு.
வேப்பங்கொழுந்து மட்டும் போதும்.
வாயைக் கட்டினால் கட்டி பட்டினியில் செத்துப்போகும் (பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர், இங்கிலீஷில் சொன்னார்).

கடைசிக்கு மட்டும் ஸ்டெல்லா பதில் சொன்னாள். "அதுக்கு முன்னாடி நான் செத்துடுவனே சார்." அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மதியம் மச்சான் சின்னப்பன், காடாம்புலியூரிலிருந்து. ஸ்டெல்லாவின் தம்பி; முந்திரியும் பலாவும் வைத்திருப்பவன். மொபெட்டில் ஒரு மூட்டை முந்திரிப்பருப்பு. "மாமா, இதை அரைச்சி கஞ்சில போடுங்க. அக்கா பத்து நாள்ல குண்டாயிடும்." அக்காவைக் கண்ணால் பார்த்ததும் கொல்லைப் பக்கம் போய்ப் பைப்பில் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

முந்திரியை ஊறவைத்து மிக்ஸியில் வெண்ணெய் போல அரைத்தேன். "ருசியா இருக்குதுங்க" என்றாள். இந்த மாதத்தில் முதல் முறை அந்த வார்த்தை.

21-11-2011, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

நாற்காலி வேலை காலையும் மாலையும். நான் எதிரில் நின்று "ரைட்" என்றால் எழ வேண்டும். "ஹோல்டான்" என்றால் உட்கார வேண்டும். முதல் நாள் என் தோளைப் பிடித்தாள். பிறகு ஒரு விரல். இன்று எதுவும் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, "என்ன கண்டக்டர், பஸ் கெளம்புமா?" என்று கேட்டாள்.

சிரிப்பு வந்தது. பின்னால் அழுகையும் வந்தது. கஞ்சியைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன்.

சாயங்காலம் தெருமுனை வரை நடை. பக்கத்து வீட்டு மல்லிகா கதவில் நின்று பார்த்தாள். "டீச்சர், கால்ல உரம் வந்துடிச்சி போல!"

29-11-2011, செவ்வாய்

சிதம்பரம். எடை ஒன்றரை கிலோ ஏற்றம். டாக்டர் மறுபடி அதே நாற்காலியைக் காட்டினார். ஸ்டெல்லா கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் கேட்காமலே உட்கார்ந்து மறுபடியும் எழுந்தாள். மறுபடியும். "போதும்மா, போதும்" என்று டாக்டரே சொன்னார்.

நஸ்ரின் என் பக்கம் திரும்பி, "சார், கஞ்சி யாரு செய்யுறது?" நான்தான் என்றேன். "நல்லா செஞ்சிருக்கீங்க." இத்தனை வருட சர்வீஸில் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் என்னை இப்படிச் சொன்னதில்லை.

ஆபரேஷன் அடுத்த திங்கள்.

5-12-2011, திங்கள்

காலை எட்டுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தாலிச் செயினையும் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கண்ணாடி பத்திரம். கண்ணு முழிச்சதும் உங்க மூஞ்சி தெரியணும்."

வராந்தா. நான், சின்னப்பன், ஜெரால்டு. ஜெரால்டு மெட்ராஸில் இருந்து இராத்திரி பஸ்ஸில் வந்தான். என்னோடு சரியாகப் பேசவில்லை. இடையில் ஒருமுறை, "டிபன் சாப்பிடுங்கப்பா" என்றான். அதுவே அவன் சமாதானம்.

சின்னப்பன் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே எதிரில் இருந்தவரிடம் பலா விலை பேசினான். பயந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். மாஸ்க் கழுத்தில். "இரைப்பையில முக்கால்வாசி எடுத்தாச்சி. கட்டி முழுசா வந்துடிச்சி. நல்லா தாங்குனாங்க." நடக்கத் தொடங்கியவர் திரும்பி ஜெரால்டைப் பார்த்தார். "அந்த மூணு வாரம் வீணாப் போவல தம்பி."

ஜெரால்டு என் தோளில் கை வைத்தான். எடுக்கவில்லை. நானும் நகரவில்லை.

8-12-2011, வியாழன்

வார்டு. கொசு. ஃபேன் சத்தம்.

இன்று நடக்க வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லாவுக்கு வலி. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் தடுத்தாள். "பெரியவரே, வயித்தைக் கிழிச்சி தெச்சிருக்கு. நடந்தா பிரிஞ்சிடும். எங்கப்பாவை நாங்க அசைய வுடறதில்ல." நர்ஸ் அவளுக்கு விளக்கினார், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், கால் தசை கரையும் என்று. அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஸ்டெல்லா போர்வையை விலக்கினாள். பிறகு, "கையைக் குடுங்க."

நான் ஒரு கையில் அவளையும், மறு கையில் குழாயையும் பையையும் பிடித்துக்கொண்டேன். வாசல் வரைக்கும். முகமெல்லாம் வேர்வை. திரும்பி வரும்போது பக்கத்துக் கட்டில் பெரியவர் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்தம்மா போயிட்டு வந்துடிச்சி. என்னையும் தூக்கி வுடு."

17-12-2011, சனி

வீடு! மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் மல்லிகா ஆரத்தித் தட்டோடு. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எடுக்கட்டும் என்று ஸ்டெல்லா நின்றாள்.

வயிற்றின் இடது பக்கம் ஒரு மெல்லிய குழாய், நேராகக் குடலுக்குள். வாயால் சாப்பிடுவது போதுகிற வரை இதன் வழியாகவும் ஊட்ட வேண்டும். பெரிய சிரிஞ்சில், மெதுவாக. முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர். நஸ்ரின் என்னைச் செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். அவள் சொன்னவை மறக்காமல் இருக்க:

துணியில் இரண்டு தடவை வடிகட்டு. ஒரு துகள் போனாலும் குழாய் அடைக்கும்.
ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய். பழையது கூடவே கூடாது.
சாய்ந்து உட்கார வைத்து ஊற்று.
அடைத்தால் அழுத்தாதே.

டாக்டர் தனியாகச் சொன்னது: ஜனவரி கடைசியில் வரவேண்டும். எடை விழாமல், ஆள் நடமாட்டத்தோடு இருந்தால் ஊசி மருந்து ஏற்றலாம். கட்டி திரும்பி வராமல் இருக்க அது நல்லது. "தேறலன்னா?" என்றேன். "தேறலன்னா அந்த மருந்தைத் தாங்க மாட்டாங்க. குடுக்க முடியாது."

ஸ்டெல்லாவிடம் சொல்லலாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவளே, "ஜனவரிக்குள்ள தேறணும், அவ்வளவுதான?" என்றாள். டாக்டர் அறைக் கதவு திறந்திருந்ததாம், எல்லாம் காதில் விழுந்ததாம்.

25-12-2011, ஞாயிறு

கிறிஸ்துமஸ். பூசைக்கு நான் மட்டும். ஜெரால்டு குடும்பத்தோடு வந்தான், வீட்டில் சத்தம்.

பேத்தி கொடுத்த கேக்கை ஸ்டெல்லா ஆசையாகத் தின்றாள். சற்று நேரத்தில் தலைசுற்றல், படபடப்பு, வேர்வை. இரைப்பையில் முக்கால்வாசி இல்லாததால் இனிப்பு நேராகக் குடலில் இறங்குகிறதாம், சொல்லியிருந்தார்கள். படுக்க வைத்ததும் சரியானது. "கேக்கு நல்லாதான் இருந்திச்சி" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே.

29-12-2011, வியாழன்

ஆகாயம் காலையிலேயே ஒரு மாதிரி மஞ்சள். டி.வி.யில் புயல், புயல். தேவனாம்பட்டினத்து மீனவர்கள் படகுகளை மேலே இழுக்கிறார்கள் என்று பால்காரர் சொன்னார். அவர் குரலில் சுனாமி வருடத்துப் பயம்.

மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடிதண்ணீர் அண்டா நிறைய. கேஸ் பாதி இருக்கும். ஸ்டெல்லா இன்று வாயால் அரை இட்லி, பருப்புத் தண்ணீரில் ஊறவைத்து. பத்து நிமிடம் மென்றாள்.

30-12-2011, வெள்ளி

காற்று அடங்கிவிட்டது. எழுதுகிறேன்.

விடியும்போது காற்று. காற்று என்று சொன்னால் போதாது. வீட்டை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிற மாதிரி. எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஓடு பறந்து எங்கள் சுவரில் உடைந்தது. கொல்லைத் தென்னை முறிந்தது. ஸ்டெல்லாவை நடு அறையில் சுவரோரம் உட்கார வைத்து மேலே மெத்தையைச் சாய்த்தேன்.

அவளுடைய கஞ்சி நேரம். காற்று ஏறுவதற்குள் அடுப்பு மூட்டிக் காய்ச்சியது பிளாஸ்க்கில் இருந்தது. "இப்பவா?" என்றேன். "புயலுக்குத் தெரியுமா எனக்குப் பசிக்கிறது? ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். கதவு படபடவென்று அடிக்கிறது, நான் மெத்தைக்கு அடியில் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு. அவள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, "மெதுவா ஊத்துங்க, வயிறு இழுக்குது" என்றுவிட்டு மறுபடி ஜெபம்.

பத்து மணிக்கு மேல் காற்று அடங்கி வெளியே வந்தால் தெருவே இல்லை. மரம். மரத்தின் மேல் கம்பம். கம்பத்தின் மேல் ஒயர்.

31-12-2011, சனி

கரண்ட் இல்லை. போன் இல்லை. பால் இல்லை. பஸ் இல்லை, சிதம்பரம் ரோடு முழுக்க மரம் என்றார்கள்.

பால் பவுடர் டின் இருக்கிறது. மிக்ஸி இல்லாமல் எப்படி? பருப்பைக் குழைய வேகவைத்து மத்தால் கடைந்தேன். வடிகட்டினேன். அவசரத்தில் ஒரே தடவை.

மதியம் குழாய் அடைத்தது. சிரிஞ்ச் இறங்கவில்லை. என் தப்புதான். சிதம்பரம் போக வழியில்லை, கேட்க ஆளில்லை. அழுத்திவிடலாமா என்று கை போனது. ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அழுத்தாதீங்க. உக்காருங்க. மூச்சு வுடுங்க. வெதுவெதுப்பா தண்ணி வெச்சி எடுத்தாங்க."

தண்ணீர் விட்டு, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, காத்திருந்து, மறுபடி. சாயங்கால வெளிச்சம் மங்குவதற்குள் லேசாக ஒரு வழுக்கல். தண்ணீர் இறங்கியது. சிரிஞ்சைக் கழுவி வைத்தேன். அப்புறம் அவள், "பாஸ்" என்றாள், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரலில்.

மல்லிகா வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல் இருக்கிறது. முருங்கை மரம் அதன்மேல் விழுந்து கிடக்கிறது. நாளைக்கு வெட்டித் தருவதாக அவள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

1-1-2012, ஞாயிறு

புது வருடம். ஆட்டுக்கல் கிடைத்தது. அரைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. மாவு மட்டும் மையாக வந்தது. இரண்டு தடவை வடிகட்டினேன். மல்லிகா, "கண்டக்டரய்யா மாவாட்டறத போட்டோ புடிக்கணும்" என்றாள். அவளும் ஒரு பிடி சுற்றித் தந்தாள். அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது; அவர்கள் சாதமும் எங்கள் அடுப்பில்தான்.

2-1-2012, திங்கள்

சின்னப்பன் வந்தான்!

காடாம்புலியூரிலிருந்து சைக்கிளில். மொபெட்டுக்குப் பெட்ரோல் இல்லை. மரம் கிடக்கிற இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அறுபத்தைந்து வயதுக்காரன். தவிட்டுக்குள் புதைத்து முட்டை. இரண்டுதான் உடைந்தது. பையில் முந்திரி.

"அங்கல்லாம் எப்பிடி மச்சான்?" என்றேன். "காத்துதான் மாமா, ஜாஸ்தி" என்றான். அக்காவைப் பார்த்துச் சிரித்தான், அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "எளைக்கல" என்றான்.

கிளம்பும்போது வாசலில் விடாமல் கேட்டேன். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணு நிக்கல மாமா. பலா, முந்திரி எல்லாம் வேரோட. அப்பா வெச்ச மரம், நான் வெச்ச மரம், எல்லாம்." பிறகு, "அக்காவுக்குச் சொல்லாதீங்க. சாப்பாடு எறங்காது."

வீட்டில் மரம் அத்தனையும் படுத்துக் கிடக்க, இவன் முட்டையைத் தவிட்டில் பொதிந்துகொண்டு வந்திருக்கிறான். இப்படி ஒரு மச்சான் யாருக்கு வாய்க்கும்.

6-1-2012, வெள்ளி

ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. சர்ச்சிலிருந்து பார்க்க வந்தவர்கள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்கள்: காடாம்புலியூர் பக்கம் முந்திரிக்காடே தரைமட்டம் என்று.

மதியம் வாயை மூடிக்கொண்டாள். குழாயில் ஊற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். "அவனுக்கு என்ன இருக்குது இனிமே? அங்க அவுங்க பட்டினியா கெடப்பாங்க, எனக்கு இங்க முந்திரிக் கஞ்சி." மாலை வேளையும் போயிற்று. நாற்காலியும் இல்லை, நடையும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். எனக்குப் பயம்.

7-1-2012, சனி

காலையில் நானே போக முடிவு செய்து, கிடைத்த லாரியில் ஏறி, மீதி தூரம் நடந்து காடாம்புலியூர். மல்லிகாவை ஸ்டெல்லாவோடு இருக்க வைத்தேன். பார்த்தேன். எழுத வரவில்லை. இலை வாடின வாசனை ஊர் முழுக்க. போன வாரம் வரை நிழலாக இருந்த இடமெல்லாம் வெயில்.

சின்னப்பன் அரிவாளோடு கிளை கழித்துக்கொண்டிருந்தான். விஷயம் சொன்னேன். அரிவாளைப் போட்டுவிட்டு அப்படியே என்னோடு வந்தான், அழுக்கு வேட்டியோடு.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அக்கா, திரும்பு." திரும்பவில்லை. "மரம் போச்சி. ஆமா. சொல்லல, தப்புதான். மறுபடி கன்னு வெக்கப் போறேன். காய்க்க வருஷம் ஆவும். அதுவரைக்கும் நான் வேலைக்கிப் போவேன், கவுருமெண்டுல எதுனா தருவான், பொழைச்சிக்குவேன். ஆனா ஒண்ணு. உடம்பைத் தேத்துறேன், ஊசி போட்டுக்கறேன்னு சொன்னியே. நீயும் படுத்துட்டன்னா நான் எதைப் பாத்து எந்திரிப்பேன்?"

ஸ்டெல்லா திரும்பினாள். "நீ சாப்பிட்டியா?" என்றாள். "இல்ல." "என்னங்க, இவனுக்குச் சோறு போடுங்க. எனக்கும் கஞ்சி எடுத்தாங்க."

அக்காவும் தம்பியும் எதிரெதிரே. அவனுக்குச் சோறும் ரசமும். அவளுக்கு வாயால் ஒரு கிண்ணம் கஞ்சி, மீதி குழாயில். நான் இருவருக்கும் பரிமாறினேன். சர்வீஸில் ஒரு ஓவர்லோடு பஸ்ஸை விழுப்புரம் கொண்டு சேர்த்த நாளில்கூட இவ்வளவு நிறைவு இல்லை.

15-1-2012, ஞாயிறு

பொங்கல். கரண்ட் இன்னும் வரவில்லை. மல்லிகா வீட்டு வெண்பொங்கல், மிளகு இல்லாமல் குழைய, ஸ்டெல்லாவுக்கென்று தனியாக. நாலு வாய் சாப்பிட்டாள், வெளியே வரவில்லை.

தெருவில் வெட்டிப்போட்ட மரத்துண்டுகளைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். என் கை வேண்டாமாம். பின்னால் வரவும் கூடாதாம். "போலீஸ்காரன் மாதிரி வராதீங்க." பத்தடி தள்ளி வருகிறேன்.

24-1-2012, செவ்வாய்

சிதம்பரம். பஸ் ஓடுகிறது. வழியெல்லாம் மரமில்லாமல் மொட்டை.

எடை மெஷினில் ஏறினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். நஸ்ரின் "சார்" என்றாள். திரும்பினேன். ஆபரேஷன் அன்று இருந்த எடை. ஒரு கிராம் குறையவில்லை. "புயல்ல, கரண்ட் இல்லாம எப்பிடி சார்?" என்று கேட்டாள். ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொன்னேன். தவிட்டு முட்டையைப் பற்றியும். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

டாக்டர் தன் கையைப் பிடித்து அமுக்கச் சொன்னார். ஸ்டெல்லா அமுக்கியதில் அவர் முகம் சுளித்தார், விளையாட்டுக்குத்தான். "மருந்து ஆரம்பிக்கலாம். குழாயையும் எடுத்துடலாம், வாயாலயே போதும்."

பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கினேன். அவள் அதில் இரண்டு வாய் வாங்கிக் குடித்தாள்.

16-2-2012, வியாழன்

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். இரண்டாவது ஊசி. முதல் ஊசிக்கு வாந்தியும் களைப்பும் இருந்தது. தாங்கினாள். முடி கொஞ்சம் கொட்டுகிறது. "ஷாம்பு செலவு மிச்சம்" என்கிறாள்.

ஊசி முடிந்து கிளம்பும்போது நஸ்ரின் ஓடி வந்தாள். "டீச்சர், அஞ்சு நிமிஷம் வர முடியுமா?" ஆபரேஷன் வார்டில் ஒரு பெரியவர். நெய்வேலிப் பக்கத்து விவசாயி. ஸ்டெல்லாவுக்கு ஆனது போலவே இவருக்கும். மூன்று நாளாக எழுந்திருக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன் என்கிறார். மகன்கள் இருவரும் கால்மாட்டில் கையைப் பிசைந்துகொண்டு.

ஸ்டெல்லா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, எனக்கும் எடுத்தாச்சி" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கும்மா இனிமே? வயசாயிடிச்சி. எல்லாருக்கும் தொந்தரவு."

"எனக்கும் எழுவது தாண்டிடிச்சி. மொத நாலு வாய் மண்ணு மாதிரிதான் இருக்கும். அஞ்சாவது வாய்க்கு ருசி தெரியும். நாலு மட்டும் முழுங்குங்க, அப்புறம் திட்டுங்க."

கிண்ணத்தை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். ஊட்டவில்லை. ஸ்பூனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்குத் தெரியும் அந்தக் காத்திருத்தல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் எழுத்தை எழுதுகிற வரைக்கும் அவள் அப்படித்தான் இருப்பாள். பெரியவர் ஒரு வாய் வாங்கினார். முகத்தைச் சுளித்தார். இன்னொன்று. நாலு முடிந்தது. அஞ்சாவதுக்கு அவரே கிண்ணத்தின் பக்கம் குனிந்தார்.

மூத்த மகன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "அந்தம்மா யாருங்க, பெரிய டாக்டரா?"

"என் சம்சாரம்" என்றேன். வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.